ஆறரை மணிப் போனும் நாலு முட்டையும்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இந்த நோட்டு என் சம்சாரம் கோகிலா வாங்கிக் கொடுத்தது. நர்ஸ் வேலைக்காக அயர்லாந்துக்கு விமானம் ஏறுவதற்கு நாலு நாள் முன்னால் மேசைமேல் வைத்து, "போன்ல கேட்டா 'நல்லாருக்கோம்'னு ஒத்தை வார்த்தைல முடிச்சுருவீங்க. தெனமும் என்ன நடந்துச்சுன்னு இதுல எழுதி வைங்க. வந்து படிச்சுக்கறேன்" என்றாள். அவள் போய் ஏழு வாரம் ஆகிறது. நோட்டு பிரிட்ஜ் மேல்தான் கிடந்தது. இன்றைக்கு மாவுக் குண்டாவை அதன்மேல் வைத்து அட்டை ஈரமாகிவிட்டது, துடைப்பதற்காக எடுத்தேன். எடுத்த பாவத்துக்கு எழுதுகிறேன். எனக்கு மோட்டார் காயில் சுற்றத்தான் வரும், எழுத்தெல்லாம் வராது.

சாயங்காலம் மிருதுளாவைக் கூட்டிக்கொண்டு பூசாரிக்குளத்துக்குப் போனேன். வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. ஏழு வயதுப் பிள்ளையை வேறு எங்கே கூட்டிப்போவது, மாலுக்குப் போனால் அழுகிறாள். மதகுக்குப் பக்கத்தில், கரையிலிருந்து நாற்பதடி தள்ளி, அல்லி இலைக் கூட்டத்தில் ஒரு பறவை. கறுத்த உடம்பு, வெள்ளை முகம், பிடரியில் மஞ்சள், கீழே வளைந்த நீள வால். விரலெல்லாம் இத்தனை நீளம். இலைமேல் நடக்கிறது, இலை முங்கவில்லை. அது எழுந்து திரும்பி உட்காரும்போது பார்த்தோம், அடியில் நாலு முட்டை. பித்தளை நிறம்.

"அப்பா, அது ஏன் அங்கயே உக்காந்திருக்குது?"

"அடை காக்குது சாமி. அம்மாக்காரி. அவதான் உக்காருவா."

மிருதுளா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறரைக்குக் கோகிலா போன் வந்தது. அங்கே அப்போது மத்தியானம், அவள் சாப்பாட்டு நேரம். நான் போனை எடுத்ததுமே மிருதுளா கரையிறங்கித் தட்டான் பின்னால் போய்விட்டாள். "தூங்கிட்டா" என்றேன். ஆறரை மணிக்கு எந்தப் பிள்ளை தூங்கும்? கோகிலாவும் அதைக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இரட்டைச் சடை இப்போது ஆறு நிமிடத்தில் போடுகிறேன். மூன்று கால் பிரித்து ஒரே இழுவையில் சுற்றினால் அவிழாது. காயில் சுற்றுகிற கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா? ஆனால் வகிடு இன்னும் கோணல்தான். டீச்சர் கேட்டார்களாம், "யாரு பின்னிவிட்டா?" என்று. "எங்கப்பா, அதான் கோணல்" என்றிருக்கிறாள். நன்றி கெட்டது.

குளம்: தண்ணிமேல் நடக்கும் பூச்சி எண்ண முடியவில்லை. சிவப்புத் தட்டான் பதினொன்று, ஊசித்தட்டான் நாலு, முங்கி முங்கி எழும் முக்குளிப்பான் ரெண்டு. எண்ணியது மிருதுளா. அம்மாக்காரி இடத்தைவிட்டு அசையவில்லை.

போன் வந்தது. "விளையாடிட்டு இருக்கறா" என்றேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஆடிக் காற்று. வானம் பூரா மஞ்சள் தட்டான். ஆயிரம் இருக்கும். கடையில் என்னோடு வேலை செய்யும் மாரப்பன் சொன்னான், இதெல்லாம் கடல் தாண்டிப் போகிற தட்டானாம், ஏதோ வீடியோவில் பார்த்தானாம். அதை மிருதுளாவிடம் சொல்லியிருக்கக் கூடாது.

"திரும்பி வருமா?"

"வரும் வரும்."

மாரப்பன் சொன்னது வேறு. போனது வராது, அதன் பிள்ளைகள்தான் வருமாம். அதை நான் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

லேசான தூறல். குடையோடு போனோம். பறவை நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தது.

"இந்த அம்மா எங்கியும் போகாதில்லப்பா?" என்றாள்.

"போகாது. அம்மான்னா அப்படித்தான்."

வாயில் வந்துவிட்டது. மிருதுளா தலையாட்டினாள், கணக்குச் சரியாகிவிட்டது போல. வேறொன்றும் எழுத இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்று கோகிலா அழுதாள்.

மூன்று மாதப் பயிற்சி அடுத்த மாதம் முடிகிறது. 31ஆம் தேதிக்குள் ரெண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் கிளம்பி வந்துவிடலாம், ஆனால் மறுபடி அங்கே சேர முடியாது. "ரெண்டு மாசமா அவ குரலே கேக்கலீங்க. ஸ்கூல் போயிட்டா, தூங்கிட்டா, குளிக்கறா. எனக்குத் தெரியாதுங்களா? அவளுக்கு நான் வேண்டாம்னு ஆயிட்டேன். பேசாம வந்தர்றேனுங்க."

இதைச் சொல்ல வேண்டும். கோகிலா அந்த ஆங்கிலப் பரீட்சையை மூன்று தடவை எழுதினாள். முதல் ரெண்டு தடவையும் அரை மார்க்கில் போயிற்று. நைட் டூட்டி முடித்து வந்து, அடுப்படியில் நின்றுகொண்டே படிப்பாள். பாஸான அன்று தெரு முழுக்க லட்டு கொடுத்தது நான்தான். அது பொய்யில்லை.

"உன் இஷ்டம்" என்றேன் இன்றைக்கு. நல்ல புருஷன் சொல்கிற மாதிரிதான் சொன்னேன். போனை வைத்த பிறகு பிள்ளைக்குச் சுண்டல் வாங்கிக் கொடுத்தேன், எனக்கும் ஒரு பொட்டலம். அவள் வேண்டாமென்றதும் பசியே இல்லாமல் ரெண்டையும் நானே தின்றேன். மனசுக்குள் ஒரு ஓரத்தில் சந்தோஷமாக இருந்தது. ஏனென்று எழுதப் போவதில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பூரி. எண்ணெய் தெறித்துக் கை சுட்டது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

லீவு. காலையிலேயே குளத்துக்குப் போனோம். பள்ளியில் கொடுத்த கொடியை மிருதுளா மதகு இடுக்கில் சொருகினாள்.

பைனாகுலரோடு ஒரு அம்மா வந்தார்கள். ஜெசிந்தா என்று பெயர், தபால் ஆபீசில் வேலை, ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். லீவு நாளில் குளம் குளமாகப் போய்ப் பறவை எண்ணுவார்களாம். மிருதுளா பைனாகுலரை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடிவிட்டாள். நான் பெருமையாக, "மேடம், அதா அங்க பாருங்க, பன்னண்டு நாளா நாங்க பாத்துட்டிருக்கறோம். தாய்ப்பறவை. எந்திரிக்கவே மாட்டீங்குது" என்றேன்.

அவர்கள் சிரித்தார்கள். "அது நீளவால் இலைக்கோழிங்க சார். உக்காந்திருக்கறது ஆணு."

"ஆணா?"

"இந்த சாதில அப்படித்தானுங்க. பொட்டை முட்டைய வெச்சுட்டுப் போயிரும். அடை காக்கறது, குஞ்சு வளக்கறது எல்லாம் அப்பன்தான்."

"பொட்டை எங்க போகுமுங்க?"

"வேற ஜோடி சேரும். இன்னொரு கூட்டுக்கு முட்டை வெக்கும். ஒரு சீசன்ல நாலஞ்சு கூடு கூட ஆகும்." ஏதோ மணியார்டர் விவரம் சொல்வது போலச் சொன்னார்கள்.

இந்தக் குளத்தில் நூறு பறவை இருக்கிறது, எனக்கென்று வாய்த்தது இதுதானா! என் முகத்தைப் பார்த்து அவர்களே பதறிப்போய், "என்னாச்சுங் சார்?" என்றார்கள். வெயில் என்றேன். வெயிலே இல்லை.

சாயங்காலம் போனில் கோகிலாவிடம், "அங்க மத்தியானம் யாரு கூட உக்காந்து சாப்படறே?" என்று கேட்டேன்.

"கேரளாக்காரப் புள்ளைக ரெண்டு பேரு. ஏனுங்க திடீர்னு?"

"சும்மா."

ஆகஸ்ட் 16, சனி

மிருதுளாவிடம் சொல்லவில்லை. ஏழு வயதுப் பிள்ளையிடம் நாலைந்து கூடு விவகாரத்தை எப்படிச் சொல்வது?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இன்றும் சொல்லவில்லை. தலைக்குக் குளிப்பாட்டினேன், சிக்கெடுக்க ஒரு மணி நேரம். சொல்ல நேரம் இருந்தது.

குளத்தில் அவள் பறவையைப் பார்த்து, "குட் ஈவ்னிங் அம்மா" என்றாள். அம்மா என்று அவள் வாய்விட்டுக் கூப்பிட்டுக் கேட்டு ரெண்டு மாதம் ஆகிறது. அதைக் கேட்ட பிறகு எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நிதானமாக எழுதுகிறேன்.

மலையில் ரெண்டு நாளாக மழை. வாய்க்காலில் தண்ணீர் வந்து குளம் ஏறிக்கொண்டிருக்கிறது. பள்ளி விட்டதும் நேராகப் போனோம். மதகோரம் அல்லி இலையெல்லாம் முங்கிக்கொண்டிருந்தது. பறவை எழுந்து நின்றுகொண்டிருந்தது, காலடியில் தண்ணீர். முட்டைகள் பாதி நனைந்துவிட்டன.

"அப்பா! அப்பா! முட்டை முங்குது!"

செருப்பைக் கழற்றிவிட்டு நான் இறங்கினேன். நாலடியிலேயே சேறு முழங்காலுக்கு வந்துவிட்டது. அதற்குள் பறவை குனிந்தது. ஒரு முட்டையை அலகுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் அணைத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தது. ஓர் இலை, அடுத்த இலை. பத்தடி தள்ளி ஆகாயத்தாமரைத் திட்டு ஒன்று மிதந்துகொண்டிருந்தது, அதில் ஏற்றிவிட்டது. திரும்ப வந்தது. ரெண்டாவது. திரும்ப வந்தது. நான் சேற்றில் நின்றபடி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவதும் ஏறிவிட்டது. நாலாவது இலை விளிம்பிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது. பறவை அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தியது.

"அம்மா, மத்ததை வுட்டுட்டுப் போயராத! போயராதம்மா!" என்று மிருதுளா கரையில் நின்று அலறினாள். அது பறவையிடம் சொன்னது மாதிரி இல்லை.

பறவை திட்டுக்குப் போய் மூன்றின்மேலும் உட்கார்ந்தது. நான் கரையேறி அவளைத் தூக்கினேன். என் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "இந்த அம்மா நல்ல அம்மா" என்றாள்.

அதற்கு மேல் முடியவில்லை. "சாமி, அது அம்மா இல்ல. அப்பா. நான் தப்பாச் சொல்லீட்டேன். நாலு நாளா எனக்குத் தெரியும், சொல்லாம இருந்தேன்" என்றேன். அவள் முகத்தை எடுத்து என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தது திறந்ததுதான் என்று மீதியையும் சொன்னேன்.

அதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். கோகிலா விமானத்துக்குக் கிளம்பியது விடிகாலை நாலு மணிக்கு. பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். "எழுப்பிச் சொல்லிட்டுப் போறேனுங்க" என்று கோகிலா மூன்று தடவை கேட்டாள். "வேண்டாம், அழுவா. நீயும் அழுதுட்டுப் போகாமயே நின்னுருவே. தூங்கறப்பவே கெளம்பு, காலைல நான் சமாளிச்சுக்கறேன்" என்றது நான். அன்றைக்குக் காலையில் எழுந்து வீடெல்லாம் அம்மாவைத் தேடினாள். கட்டிலுக்கு அடியில்கூடத் தேடினாள். "அம்மா சொல்லாமயே போயிருச்சா?" என்று கேட்டபோது, "ஆமா" என்றேன். அம்மாவைப் போக விட்டது அப்பா, சொல்ல விடாதது அப்பா, ஆனால் பழி அவளுக்கு. இந்த ரெண்டு மாதமும் பிள்ளை போனுக்கு வராதபோதெல்லாம் நான் ஒரு தடவைகூட இழுத்துப் பிடித்து, "பேசு" என்று சொன்னதில்லை. அவள் பேசாமல் இருந்தால் கோகிலா திரும்பி வந்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மிருதுளா என் இடுப்பிலிருந்து இறங்கிக்கொண்டாள். வீடு வரைக்கும் எனக்கு முன்னால் நடந்து வந்தாள். ஆறரைக்குப் போன் அடித்தது, நான் எடுக்கவில்லை. "நெட் இல்ல" என்று மெசேஜ் போட்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

பேசவில்லை. என்னிடமும்.

ஆகஸ்ட் 21, வியாழன்

சடை போட விடவில்லை. சீப்பை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுச் சுலோசனா அக்காவிடம் போய்விட்டாள். வகிடு நேராக இருந்தது. அக்கா என்னைக் கூப்பிட்டு, "என்னுங் தம்பி, அப்பனும் மகளும் ஓரியாட்டமா?" என்றார்கள். சண்டையெல்லாம் ஒன்றுமில்லை என்றேன்.

சாயங்காலம் மட்டும் குளத்துக்கு வந்தாள். நான் மதகில், அவள் பத்தடி தள்ளிக் கல்லில். பறவை திட்டில். மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. ஊசித்தட்டான் ஒன்று வந்து என் கையில் உட்கார்ந்தது, சொல்லலாம் என்று பார்த்தால் ஆள் திரும்பவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

குழம்பில் உப்பு ரெண்டு தடவை போட்டுவிட்டேன். தண்ணீர் ஊற்றி ரசம் என்று சொல்லிச் சமாளித்தேன். "இது ரசமில்ல" என்றாள். நாலு நாளில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. குண்டாவைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது.

குளத்தில் தானாகவே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, அந்தம்மா பறவை கெட்டதா?"

ஜெசிந்தா மேடம் சொன்னது எல்லாம் ஞாபகம் வந்தது. சொல்ல வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுத்தேன். "கெட்டதில்ல சாமி. அதுக்கு வேற எடத்துல வேலை இருக்குது. இங்க அப்பா பாத்துக்கும்னு அதுக்குத் தெரியும். ரெண்டும் பேசி வெச்சுட்டுத்தான் பிரிஞ்சிருக்கும்."

"பறவை பேசுமா?"

"தெரியல. நானும் அம்மாவும் பேசினோம்."

"எங்கிட்ட யாருமே பேசல."

"தப்புத்தான். எம்மேல தப்பு" என்றேன்.

"அன்னிக்கு அம்மா அழுதுச்சா?" என்றாள்.

"உன் கட்டுலுக்குப் பக்கத்துல நின்னுட்டே இருந்துச்சு. போர்வைக்கு வெளிய உன் கால் கட்டை விரல் தெரிஞ்சுது. அதைப் புடிச்சுட்டு. வெளிய கார்க்காரன் ஆரன் அடிச்சுட்டே இருந்தான்."

"எந்தக் கால்?"

"இந்தக் கால்."

செருப்பைக் கழற்றி அந்தக் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். போன் அடித்தபோது எழுந்து போகவில்லை, பேசவும் இல்லை. நான் பேசி முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தாள். இன்றைக்கு நான் கோகிலாவிடம், "தூங்கிட்டா" என்று சொல்லவில்லை. "பக்கத்துல இருக்கறா. இன்னும் கோவம் தீரல. கோவம் உம்மேல இல்ல, எம்மேலதான். அப்பறம் சொல்றேன்" என்றேன். "பக்கத்துலயா?" என்றாள் கோகிலா.

ஆகஸ்ட் 25, திங்கள்

சடை போட விட்டாள். கோணல்.

ஆகஸ்ட் 28, வியாழன்

பொரித்துவிட்டது!

நாங்கள் போகும்போது திட்டில் உடைந்த ஓடு ஒன்றைப் பறவை அலகில் கவ்வி எடுத்துப்போய்த் தள்ளிப் போட்டது. அதன் அடியிலிருந்து குச்சிக் கால்கள் தெரிந்தன. எண்ணினோம், ஒன்று, ரெண்டு. மூன்றாவது முட்டை அப்படியே இருந்தது. மிருதுளா என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். கால் மணி நேரம் கழித்து அதுவும் விரிந்தது. பழுப்புக் கோடு போட்ட பஞ்சு. பிறந்த அன்றைக்கே எழுந்து இலைமேல் நடக்கப் பார்க்கிறது. கால்தான் உடம்பைவிடப் பெரிது.

ஆறரைக்குப் போன் அடித்தது. நான் எடுப்பதற்குள் மிருதுளா என் சட்டைப் பையிலிருந்து பிடுங்கிவிட்டாள்.

வணக்கம் இல்லை, நலம் இல்லை. "மூணு குஞ்சும்மா! நாலு முட்டை, ஒண்ணு தண்ணில போயிருச்சு. அப்பா பறவைதான் உக்காந்திருந்துச்சு, அப்பா தப்பாச் சொல்லிருச்சு. அம்மா பறவை வேற எடத்துல வேலைக்குப் போயிருக்குது. மழைல கூட எந்திரிக்கலம்மா. அப்பா சேத்துல வுழுந்துச்சு…" நான் விழவில்லை, நின்றேன், அதைச் சொல்ல வாய்ப்பில்லை. முக்குளிப்பான், தண்ணிமேல் நடக்கிற பூச்சி, கடல் தாண்டுகிற தட்டான் என்று இருபத்திரண்டு நிமிடம். அந்தப் பக்கமிருந்து "ம்… ம்…" என்று மட்டும் கேட்டது. கடைசியில் போனை என்னிடம் நீட்டி, "அப்பா, அம்மா அழுவுது. நீ பேசு" என்று சொல்லிவிட்டுக் குஞ்சு பார்க்கப் போய்விட்டாள்.

போனைக் காதில் வைத்துக்கொண்டே நானும் அவள் பின்னால் குஞ்சு பார்க்கப் போனேன்.

ஆகஸ்ட் 30, சனி

கோகிலா கேட்டாள், "நாளைக்குக் கடைசி நாளுங்க. இப்பவாவது ஒழுங்காச் சொல்லுங்க. உன் இஷ்டம்னு சொன்னா போனை வெச்சுருவேன்."

"கையெழுத்துப் போடு."

"நெசமாவா?"

"மூணு தடவை பரீட்சை எழுதினவ நீ. பாதில வந்தீன்னா நானே உன்னைய மன்னிக்க மாட்டேன், நீ என்னைய மன்னிக்க மாட்டே. இங்க நான் உக்காந்திருக்கறேன். எங்கியும் போக மாட்டேன்." ரெண்டு வருடம் என்பது ரெண்டு வருடம்தான். எனக்கு அவள் வேண்டும். அதையும் சொன்னேன். "நீயில்லாம ஊடு ஊடாவே இல்ல புள்ள. அதுக்காக வந்தராத." பதினோரு வருடக் குடித்தனத்தில் இப்படி ஒரு பேச்சை நான் பேசியதில்லை. மதகில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஆள் திரும்பிப் பார்த்தார், பார்த்துவிட்டுப் போகட்டும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கையெழுத்துப் போட்டுவிட்டாள். டிசம்பரில் மூன்று வாரம் லீவு கிடைக்குமாம்.

இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். மூன்றாம் தேதியில் "அம்மாக்காரி" என்று எழுதியிருப்பதை அடித்துவிடலாமா என்று பேனா எடுத்தேன். பிறகு விட்டுவிட்டேன். வந்து படிக்கப் போகிறவளுக்கு அதுவும் தெரியட்டும்.

குளத்தில் குஞ்சுகள் அப்பன் பின்னால் இலை இலையாக ஓடுகின்றன. மூன்றும் இருக்கின்றன. ஜெசிந்தா மேடமும் வந்து எண்ணி அவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

ஆறரைக்கு மிருதுளாவே போனை எடுத்தாள். டிசம்பர் லீவைப் பற்றிக் கோகிலா சொல்லியிருக்க வேண்டும். மிருதுளா கேட்டுக்கொண்டே கட்டை விரலால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"வா. வந்துட்டுத் திரும்பப் போறப்ப என்னைய எழுப்பு. நாலு மணின்னாலும் எழுப்பு. நான் அழுவேன். அழுதாப் பரவால்லம்மா, எழுப்பு."

எழுப்புவோம்.